நாலில் ஒரு பங்கு கா-8 இறக்கை: துணியா, ஃபிலிமா? வேலூர் வெயிலில் எங்கே வைப்பது?

பாலாற்றுப் பருந்து, காட்பாடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷ்லைஷர் கம்பெனியின் கா-8 கிளைடரை (இன்ஜின் இல்லாத விமானம்) நாலில் ஒரு பங்கு அளவில் மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அசலுக்கு இறக்கை 15 மீட்டர், எனக்கு 3.75. நடுவில் ஸ்டீல் ராடு, இரண்டாகப் பிரியும். பிரித்தாலும் ஒரு பக்க இறக்கை என்னைவிட உயரம். உடல் 1.75 மீட்டர். இதுவரை நான் கட்டியதெல்லாம் இரண்டு மீட்டருக்குள் அடங்கியவை, பீரோ மேலே படுத்துக்கொள்ளும். இது அப்படி அடங்காது.

இப்போதைய நிலை: இறக்கை நீளத்துக்கு ஓடும் ஸ்பார் கட்டை பைன், குறுக்கே விலா எலும்பு போன்ற ரிப்புகள் பால்சா என்ற லேசான மரம். முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை அடிப்பக்கம் 1.5 மில்லிமீட்டர் பால்சா ஷீட் ஒட்டியாயிற்று, மேல் ஷீட் பாக்கி. வால் பகுதி எலும்புக்கூடாக நிற்கிறது. எல்லாம் சேர்ந்து 7 கிலோவுக்குள் முடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

முதல் கேள்வி, எதைப் போர்த்துவது? சின்ன கிளைடர்களுக்கு எப்போதும் சூட்டில் சுருங்கும் பளபள பிளாஸ்டிக் ஃபிலிம்தான் ஒட்டுவேன். ஒவ்வொரு மே மாதமும் அது தொங்கிப்போய், அயர்ன் எடுத்து உட்கார வேண்டியிருக்கிறது. கா-8 அசலில் துணி போர்த்திய விமானம் என்பதால் துணிமேல் ஆசை. பட்டுத் துணியும் டோப்பும் (துணியை விறைக்க வைக்கும் லேக்கர்) போடலாம் என்று ஒருவர் சொன்னார். பக்கத்திலேயே ஆரணி இருக்கிறது, பட்டுக்குப் பஞ்சமில்லை. சரிவருமா?

அடுத்தது இடம். மாடியில் வாடகை வீடு. லாஃப்ட் இருக்கிறது. மொட்டை மாடியில் வீட்டுக்காரரின் சிமென்ட் ஷீட் போட்ட அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார். ஹாலில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, ஆனால் அதில் இறக்கையைத் தொங்கவிட அம்மா சம்மதிக்கவில்லை.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:

லாஃப்டில் ஏத்துங்க பாஸ், எதுக்கு இவ்வளவு யோசனை? ஃபிலிம் தொங்கினா ஹீட் கன் காட்டினா போச்சு.

வாலாஜா உளி, வாலாஜாபேட்டை:

தம்பி, லாஃப்ட் மட்டும் வேண்டாம். எக்ஸ்பிரஸ் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு வார்ப்பாலையில் மரப் பேட்டர்ன் செய்து ஓய்வு பெற்றவன். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கென்றே நீட்டி அளவு போட்ட ஸ்கேல் வைத்து வேலை செய்தோம். இரும்பின் சுருக்கத்தைக் கணக்கில் பிடித்துவிடலாம். மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் தலைவலி. பேட்டர்ன் அடுக்கிய அறைக்குத் தகரக் கூரை. மேலே வார்னிஷ் பூசி, அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்ட பலகையை ஐப்பசி மழைக்கு அப்புறம் எடுத்துப் பார்த்தால் கிண்ணம் போல் குழிந்திருக்கும். பூசாத பக்கம் ஈரம் குடிக்கிறது, பூசிய பக்கம் குடிப்பதில்லை. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. உங்கள் இறக்கையும் மரம்தானே.

நம்மூரில் கிளைடரைக் கெடுப்பது பறக்கும் நேரம் இல்லை, சும்மா கிடக்கும் நேரம். சித்திரை, வைகாசியில் 40 டிகிரிக்கு மேல் காய்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் ஊறுகிறது. அதனால் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத் துணியைத் தொடுங்கள். பலர் கட்டி முடித்து, படம் எடுத்து, அதற்கப்புறம்தான் ஆணி அடிக்க இடம் தேடுகிறார்கள்.

மேல் ஷீட் ஒட்டவில்லை என்றீர்கள், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மூடுவதற்கு முன்னால் உள்பக்கத்துக்கு சீலர் பூசுங்கள். சாண்டிங் சீலரையும் தின்னரையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே ஒரு கோட் போதும். ஸ்பார் மேலும் ரிப் முதுகிலும் பேப்பர் டேப் ஒட்டிவிட்டுப் பூச வேண்டும், இல்லையென்றால் அங்கே பசை பிடிக்காது. ஒட்டப்போகும் மேல் ஷீட்டின் உள்பக்கத்துக்கும் அதேதான், ரிப் உட்காரும் கோடுகளை மட்டும் விட்டுவிடுங்கள். இதனால் ஈரம் முற்றிலும் நின்றுவிடாது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில், மெதுவாகக் குடிக்கும். வளைவைத் தடுக்க அது போதும்.

இன்னொன்று, ரிப்புகளில் காற்று போக ஓட்டை இருக்கிறதா பாருங்கள். துணியும் ஷீட்டும் போர்த்தியபின் ஒவ்வொரு அறையும் மூடிய டப்பா. 30 டிகிரியில் மூடிய காற்று 60 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு விரியும். வெயிலில் வைத்த இறக்கையில் ஃபிலிம் அப்பளம் மாதிரி உப்பி நிற்பதும், ஆறியபின் தொங்குவதும் பாதி இதனால்தான். உங்கள் மே மாத வியாதிக்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு ரிப்பிலும் ஸ்பாருக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் ஓட்டை, கடைசியாக உடலோடு சேரும் முதல் ரிப்பில் ஒன்று. எல்லாக் காற்றும் அதன் வழியாக வந்து போகட்டும். துளையை நெருப்பில் காய்ச்சிய கம்பியால் போடாதீர்கள், கருகிய பால்சா பொடியாக உதிரும். பித்தளைக் குழாயின் முனையை உள்பக்கம் தீட்டி, விரலால் திருகினால் சுத்தமாக வட்டம் விழும்.

துணியா ஃபிலிமா என்றால், துணி. பளபள ஃபிலிம் போட்ட கா-8 எனக்குப் பிடிக்காது, அது என் அபிப்பிராயம். அதன் அசல் 1957இல் பறந்தது. ருடால்ஃப் கைசர் வடிவமைத்தது. உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி, இறக்கை மர ஸ்பார், முன்பாதி ப்ளைவுட், பின்பாதி துணி. பின்னால் ஒவ்வொரு ரிப்பும் துணிக்கு அடியில் மேடாகத் தெரிய வேண்டும், மேலே ரிப் டேப்பின் கோடு ஓட வேண்டும். ஃபிலிமில் அது வராது.

சுருங்கும் பாலியெஸ்டர் துணி, பின்புறம் பசையோடு சுருளாக வருகிறதே, அதை வாங்குங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம் வரும். ஃபிலிமைவிடக் கனம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் இறக்கைப் பரப்பு 14.15 சதுர மீட்டர். நாலில் ஒரு பங்குக்குப் பதினாறால் வகுத்தால் 0.88. மேலும் கீழுமாக ஒண்ணே முக்கால் சதுர மீட்டர் துணி. 180 கிராமுக்குள். 7 கிலோ கிளைடரில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாலுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். கா-8க்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஏற்றும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் மூன்று மடங்கு ஈயம் போடும்படி ஆகும். அங்கே மெல்லிய துணி, குறைந்த பெயின்ட்.

போர்த்தும் முறை உங்களுக்குத் தெரியும், எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. பெரிய இறக்கையில் மாறுவதை மட்டும் சொல்கிறேன். துணி ஃபிலிமைவிட வலுவாக இழுக்கும். மேல்பக்கத்தை முழுக்கச் சுருக்கிவிட்டு அடிப்பக்கத்துக்கு வந்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஓரங்களை மட்டும் ஒட்டி நிறுத்துங்கள். அப்புறம் நேரான பலகை மேல் கட்டி, நுனியில் பின்விளிம்புக்கு அடியில் வரைபடம் சொல்லும் அளவுக்கு ஆப்பு வைத்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சூடு காட்டுங்கள். ஆறும்வரை பலகையிலிருந்து அவிழ்க்கக் கூடாது. இரண்டு நுனியும் ஒரே அளவு முறுக்கில் இருக்கிறதா என்று பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒன்று கூட ஒன்று குறைய இருந்தால் வேகம் குறையும்போது ஒரு பக்கம் சாயும், அதுவும் தரையிறங்கும் சமயம் பார்த்து.

பின்விளிம்பு மெல்லிய பால்சா என்றால் துணி அதை ரிப்புக்கு ரிப் உள்ளே வளைத்து, தோரணம் கட்டிய மாதிரி ஆக்கிவிடும். போர்த்தும் முன் ரிப் சேரும் ஒவ்வொரு மூலையிலும் சின்ன முக்கோணம் ஒட்டிவிடுங்கள்.

எப்போது போர்த்துவது? மாசி, பங்குனி. காற்றில் ஈரம் இருக்காது, மரம் எலும்பாகக் காய்ந்தும் இருக்காது. அடைமழையில் போர்த்திய இறக்கை சித்திரையில் தளரும்.

வைக்கும் இடத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், கரண்ட் போகிற நேரம்.

ஆரணித் தறி, ஆரணி:

பட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஐயா பதில் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன். எங்களுடையது நெசவுக் குடும்பம். என் தம்பிக்கு கிளைடர் பைத்தியம். அவன் கட்டுவான், துணி போர்த்துவது என் கை.

ஆரணிப் பட்டு என்று கடையில் புடவைத் துணி வாங்கிவிடாதீங்க. ஜரிகை இல்லாத சாதாரணப் பட்டுப் புடவையே அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். ஆறு மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 1.2 மீட்டர் அகலம். வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 70 கிராம், டோப் போடும் முன்னாலேயே. நூல் முறுக்கேற்றியது, துணி தடிமன், டோப்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விமானத்துக்குப் போடுவது 5 மோம்மி என்று விற்கும் ஹபுதாய் என்ற மெல்லிய பட்டு. ஒரு மோம்மி சதுர மீட்டருக்கு 4.34 கிராம், ஆக 22 கிராம்கூட வராது. கையில் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும். எங்கள் ஊர்த் தறியில் அப்படி யாரும் நெய்வதில்லை. வெளியிலிருந்து வரவழைத்துத்தான் போடுகிறோம்.

போடுவதாக இருந்தால் கரை பின்விளிம்புக்கு இணையாக, பாவு (நீளவாக்கு நூல்) இறக்கை நீளத்தில் ஓட வேண்டும். துணியை நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு இழுத்து, ஓரத்தில் மட்டும் டோப்பால் ஒட்டுங்க. காயக் காயத் தானே விறைக்கும். முதல் கோட் டோப்தான் எல்லாரும் கெடுக்கிற இடம். பிரஷ்ஷில் அதிகம் எடுத்தால் இழை வழியாக உள்ளே சொட்டி, அடித்துணியின் உள்பக்கத்தில் குட்டையாகத் தேங்கும். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் சுருங்கி வட்டமாக இழுக்கும், எதைச் செய்தாலும் போகாது. பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வைத்துத் தேயுங்க. இழையின் கண் அடைபட்டபின் இரண்டாம் கோட்டைத் தாராளமாகப் போடலாம்.

டோப் கிடைக்காதவர்கள் கார் பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லேக்கரைத் தின்னரில் கரைத்துப் போடுகிறார்கள். அது மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போய் மெல்லிய வாலை முறுக்கும். நூறு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு விளக்கெண்ணெய் கலந்தால் வளைந்து கொடுக்கும். இது புதுசு இல்லை, பழைய காலத்திலிருந்தே டோப்பில் விளக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு. மழை நாளில் பூசாதீங்க. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளையாகப் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

முக்கியமாக, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் டோப் டின்னைத் திறக்கவே கூடாது. அந்த ஆவி தரையோடு நகர்ந்து பூஜை அறைவரை போகும், சட்டென்று பற்றும். நாங்கள் மொட்டை மாடியில், காலையில்தான் செய்வோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் யோசனை: உங்களுக்குப் பட்டு வேண்டாம். 3.75 மீட்டர் கிளைடரைப் பாலாற்றுப் படுகையில் இறக்கப்போறீங்க, சீமைக்கருவேல முள் ஒன்று பட்டால் போதும், பட்டு நீளமாகக் கிழியும். பாலியெஸ்டர் ஓட்டையோடு நிற்கும். பட்டு அழகுக்கு, பழைய கால மாடலுக்கு, அதுவும் புல்தரை கிடைப்பவர்களுக்கு.

சத்துவாச்சாரி மெட்டீரியல்ஸ்:

கல்லூரியில் பொருளறிவியல் பாடம் எடுப்பவன், அதனால் மரத்தை ஒட்டும் எபாக்சி பசையைப் பற்றி மட்டும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். உருகாது. ஆனால் பாரம் தாங்கும் கெட்டித்தனம் போய், மெதுவாக நகரும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும், மொட்டை மாடி ஷீட் அறையில் உச்சி வெயிலிலும் கிட்ட வரும். அந்த நிலையில் இறக்கை இரண்டு முனையில் மட்டும் தாங்கி நடுவில் தொய்ந்து கிடந்தால், சாயங்காலம் ஆறும்போது அதே தொய்வோடு மறுபடி இறுகும். யாரோ வளைத்த மாதிரி இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே மாடி அறையை மறந்துவிடுங்கள்.

அதே காரணத்தால்தான் ஃபைபர் கிளாஸில் செய்த பெரிய கிளைடர்களை எல்லா நாட்டிலும் வெள்ளையாகவே அடிக்கிறார்கள். நீங்களும் கருஞ்சிவப்பு, கருநீலம் பக்கம் போகாமல் கிரீம் நிறத்தில் நில்லுங்கள். ஆகாயத்தில் தெரிவதற்கு இறக்கையின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை போதும். அடிப்பக்கம் வெயில் நேராகப் படாது.

கேனப்பிக்கு (விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) வெள்ளைத் துணி உறை தைத்துக்கொள்ளுங்கள். வளைந்த கண்ணாடி வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் சீட்டைக் கருக்கிவிடும். அசல் கிளைடர்களுக்கே அந்த ஆபத்து உண்டு.

இடையில் ஒன்று: 7 கிலோ என்றால் 2021 ட்ரோன் விதிகளில் 2 முதல் 25 கிலோ வரையிலான சிறிய வகையின் எடை. பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் வேறு. எந்த இடமானாலும் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து ரோகிணி கட்டுங்களேன். நம் நாட்டிலேயே வடிவமைத்து 1961இல் பறந்த கிளைடர், இருவர் அருகருகே உட்காருவார்கள். அதை இந்த அளவில் யாராவது கட்டிப் பார்க்க ஆசை.

பாலாற்றுப் பருந்து, காட்பாடி:

எல்லோருக்கும் நன்றி. ஆரணி அக்கா சொன்னபின் பட்டு ஆசை போய்விட்டது. கிரீம் நிற பாலியெஸ்டர் துணி, மூக்கு மட்டும் சிவப்பு என்று முடிவு செய்துவிட்டேன். ரிப் ஓட்டை இல்லை, நாளைக்கே போடுகிறேன். ரோகிணி ஆசை எனக்கும் உண்டு, முதலில் இதற்கு இடம் கிடைக்கட்டும்.

வாலாஜா ஐயா, கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா என்று பார்த்தேன், அது பெட்டி வைத்த கட்டில், இடமில்லை. படுக்கையறையில் இரண்டு சுவர் காலி. ஒன்று மேற்குப் பக்க வெளிச்சுவர், இன்னொன்று ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ளது. எதில் எப்படி மாட்டுவது?

வாலாஜா உளி, வாலாஜாபேட்டை:

நடுச்சுவர். மேற்குச் சுவர் மத்தியானம் முழுக்க வெயில் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிவரை அறைக்குள் விடும். கையை வைத்துப் பாருங்கள், தெரியும். லாஃப்ட் கதையும் அதுதான். மேலே காங்கிரீட் தளம், சூடு முழுக்க அங்கே. என் வீட்டில் மே மாதம் மூன்று மணிக்கு லாஃப்டில் ஒரு தெர்மாமீட்டரும் தரையருகே ஒன்றும் வைத்தால் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் காட்டும். அதனால் சுவரிலும் உயரத்தில் மாட்டாதீர்கள். முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கட்டும்.

நாடாக் கட்டிலுக்குப் போடும் அகலமான பருத்தி நாடா இருக்கிறதே, அதுதான் இறக்கைக்குச் சரியான தொட்டில். சுவரில் இரண்டு மர நீட்டம் அடித்து, ஒவ்வொன்றிலும் நாடாவை வளையமாகத் தொங்கவிட்டு, இறக்கையை முன்விளிம்பு கீழே இருக்கும்படி உட்கார வையுங்கள். முன்பாதிதான் ஷீட் போட்டு மூடிய பெட்டி, பாரம் தாங்கும். பின்விளிம்பில் நிறுத்தினால் ஐலரான் (அங்கே அசையும் மடல்) நசுங்கும். சமமான பட்டையாக இருந்தால் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22 சதவிகிதம் உள்ளே தாங்கினால் தொய்வு குறைவு. ஆனால் இறக்கை உடல் பக்கம் கனம், நுனிப் பக்கம் லேசு. அதனால் உடல் பக்க நாடா முனையிலிருந்து 35 சென்டிமீட்டரில், நுனிப்பக்க நாடா 55 சென்டிமீட்டரில் இருக்கட்டும். இரண்டும் ஒரு ரிப் மேலேயே படட்டும், இரண்டு ரிப்புக்கு நடுவில் வேண்டாம். மூலையில் செங்குத்தாகச் சாய்த்து வைப்பதை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள். வீட்டுக்கு வருபவர் கால் பட்டுச் சரியும், சரியாவிட்டால் வளையும்.

சுவரில் ஒட்டாமல் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். காற்றுப் போகும், கரையான் மண் ஏறினால் கண்ணில் படும்.

உறைக்குப் பழைய வேட்டி போதும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டால் மழைக்காலத்து ஈரம் உள்ளேயே நிற்கும். பளபளக்கும் பபிள் ஷீட் உறை மைதானத்தில் வெயிலுக்கு, வீட்டுக்கு இல்லை. பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி தெர்மாகோல் மாதிரிப் பொருளை இளக்கிவிடும், உங்கள் கிளைடரில் எங்காவது அது இருக்கும்.

ஸ்டீல் ராடு போகும் குழாயின் வாயைத் துணி உருண்டையால் அடைத்து வையுங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மண்குளவிக்கு அந்த அளவு ஓட்டை என்றால் கொண்டாட்டம். உள்ளே ஈர மண்ணைக் கொண்டுபோய்க் கூடு கட்டி, புழுவைப் பிடித்து அடைத்து, வாயைப் பூசி மூடிவிட்டுப் போய்விடும். மைதானத்தில் ராடு பாதியில் நிற்கும், அளவு தவறிவிட்டதோ என்று நீங்கள் சுத்தியலைத் தேடுவீர்கள். முதல் ரிப்பில் போட்ட காற்று ஓட்டைக்கும் அதே கதி வரலாம், அதன்மேல் கொசுவலைத் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். ராடைத் துடைத்து எண்ணெய் தடவித் தனியாக வையுங்கள்.

ஆரணித் தறி, ஆரணி:

நாப்தலினுக்குப் பதில் வசம்பு போடுங்க. மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து உறைக்குள் ஒரு மூலையில். பட்டுப் புடவைக்கு எங்கள் வீட்டில் அதுதான். வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்தது மட்டும், பச்சையாகப் போட்டால் கறை பிடிக்கும். புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பது போல இறக்கையையும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்க. துணி தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரியும்.

காட்பாடி எக்ஸ்பிரஸ்:

லாஃப்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன் ஐயா. ஒரு டவுட். முள் குத்தின ஓட்டைக்கு என்ன பண்றது? டேப் போட்டா வெயில்ல பசை வழியுது.

வாலாஜா உளி, வாலாஜாபேட்டை:

அதே துணியில் ஒரு துண்டு, ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூடுதலாக. மூலையை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும். ஒட்டும் முன் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, அயர்னை ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள். நடுவில் வைத்தால் சுற்றியிருக்கும் துணி சுருங்கி ஓட்டை பெரிதாகும். முதலில் முள் முனை உள்ளே ஒடிந்து நிற்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

பருந்து தம்பி, நேரான பலகை உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன். என்னிடம் இரண்டு மீட்டர் பேட்டர்ன் பலகை ஒன்று இருக்கிறது, மட்டம் பார்த்தது. துணி வந்ததும் எடுத்துப் போங்கள். தனியாகத் தூக்க முடியாது, ஆளோடு வாருங்கள், பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். திரும்பக் கொண்டுவரும்போது அதன் மேல் டோப், எபாக்சி சொட்டு எதுவும் இருக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.